ஓசி டிக்கெட்டில் போன அம்மாவுக்கு நஷ்டஈடு உண்டா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் விஷயம் இதுதான். குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் டிரிப் டவுன் பஸ்ஸில் கீரைக்கட்டுகளோடு கும்பகோணம் வந்த உங்கள் அம்மா, வயது 54, இறங்கிக்கொண்டிருக்கும்போதே பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். போலீசில் புகார் கொடுக்கவில்லை. டிக்கெட் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்து ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கைநாட்டு வாங்கிப் போனார்கள். இதற்கிடையில் வார்டில் ஒருவர் வந்து, "கேஸை நான் பாத்துக்கறேன், வர்றதுல முப்பது பர்சென்ட்" என்கிறார். கேஸ் போட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, "ஓசி டிக்கெட்டுல போனவளுக்கு என்னடா நஷ்டஈடு, அந்த டிரைவர் புள்ளைக்கு வேலை போயிடப் போவுது" என்று, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் சட்டம் பேசிப் பயனில்லை. அம்மாவின் மனசு ஒப்பாவிட்டால் சாட்சிக் கூண்டில் ஏறி, "என் மேலயும் தப்பு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேலாகத் தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் நீதிமன்றங்களில் வாகன விபத்து வழக்குகள் நடத்துகிறேன். அடிபட்டவர்கள் தரப்பில்தான் அதிகம். நடுவில் சில வருஷம் காப்பீட்டு நிறுவனத்துக்காகவும் வாதாடியதால் எதிர்த்தரப்பு எந்த ஓட்டையைத் தேடும் என்பது ஓரளவு தெரியும். உங்கள் காகிதம் எதையும் பார்க்காமல் எழுதுவதால், உறுதியானது எது, ஜட்ஜ் மனசைப் பொறுத்தது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஓசி டிக்கெட். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பயணத்துக்கான பணத்தை அரசு போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கிறது. ஆக, அம்மா யாருடைய தயவிலும் ஏறவில்லை. அதைவிட முக்கியமானது, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166இன் கீழ் இழப்பீடு கேட்பதற்கும் டிக்கெட் காசுக்கும் சம்பந்தமே இல்லை. ரோட்டோரமாக நடந்து போகிறவர் மேல் பஸ் மோதினால் அவருக்கு உரிமை உண்டுதானே? அவர் டிக்கெட் எடுக்கவே இல்லையே. கேள்வி ஒன்றுதான்: பஸ்ஸை ஓட்டியவர்களின் கவனக்குறைவால் காயம் ஏற்பட்டதா? டிக்கெட் என்பது அந்த நேரத்தில் அந்த பஸ்ஸில் அம்மா இருந்தார் என்பதற்கான ஒரு சாட்சி, அவ்வளவுதான். தொலைந்துவிட்டால் வேறு சாட்சி தேடலாம்.

அடுத்து டிரைவர். இழப்பீட்டைத் தரவேண்டியது கழகம்; டிரைவர் வீட்டுக் கூரையைப் பிரித்து யாரும் எடுக்கப்போவதில்லை. ஊழியர் வேலைநேரத்தில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பு. கண்டக்டர் பார்க்காமல் விசில் கொடுத்தாரா, டிரைவர் விசில் வருமுன் எடுத்தாரா என்று நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளவும் வேண்டாம். இரண்டு பேருமே கழகத்தின் ஆட்கள். போலீஸ் வழக்கு டிரைவர் மேல்தான் வரும். துறை விசாரணையும் இருக்கலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் அம்மா இழப்பீடு கேட்காமல் இருப்பதால் அந்த டிரைவருக்குக் கிடைக்கும் லாபத்தைவிட, இனி குத்தவைத்து உட்கார முடியாத உங்கள் அம்மாவுக்கு வரும் நஷ்டம் பெரிது. இதை அவரிடம் நீங்கள்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

சரி, இனி வேலைக்கு வருவோம். இந்த மாதிரி வழக்குகளின் விதி நீதிமன்றத்தில் எழுதப்படுவதில்லை. ஆஸ்பத்திரியில் முதல் அரை மணி நேரத்தில் எழுதப்படுகிறது. காயத்தோடு வருகிறவரை அரசு மருத்துவமனையில் சேர்க்கும்போது விபத்துப் பதிவேடு ஒன்றில் எழுதுவார்கள். நீதிமன்ற வட்டாரத்தில் ஏ.ஆர். காப்பி என்றால் அதுதான். என்ன நடந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, யார் கூட்டி வந்தது என்று கூட வந்தவர் சொல்வதைத்தான் டாக்டர் எழுதுகிறார். நம் ஆட்கள் பதற்றத்தில், "கீழ விழுந்துட்டாங்க சார்" என்று மட்டும் சொல்வார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வழக்கு. கீற்று முடைகிற ஒரு அம்மா, பஸ் படியில் தவறி மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. மகன் டாக்டரிடம் சொன்னது "வழுக்கி விழுந்துட்டாங்க". பஸ் என்ற சொல்லே பதிவேட்டில் இல்லை. மூன்று வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை நீட்டினார்கள். நாங்கள் கொண்டுபோன இரண்டு சாட்சிகளும் அந்த வரிக்கு முன்னால் நிற்கவில்லை. தோற்றுப்போனோம். அதிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். அல்ல, ஏ.ஆர். காப்பி.

நீங்களும் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். கும்பகோணத்தில் முதலுதவி செய்து தஞ்சை மெடிக்கலுக்கு அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு இடத்திலும் பதிவு இருக்கும். இரண்டையும் விண்ணப்பித்து வாங்குங்கள். 108இல் போயிருந்தால் அந்தப் பதிவும் உதவும். "பஸ்ஸிலிருந்து இறங்கும்போது" என்று எங்காவது எழுதியிருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது என்றே நினைக்கிறேன். வெறும் "விழுந்தார்" என்றிருந்தால் வழக்கு போய்விடாது, ஆனால் கண்ணால் பார்த்த சாட்சி கட்டாயம் தேவைப்படும். எதுவாக இருந்தாலும் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி யாரையும் கெஞ்சாதீர்கள். திருத்திய பதிவு, தப்பான பதிவைவிட ஆபத்து.

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டதே, இனி போலீஸ் புகார் எடுக்குமா? எடுக்க வேண்டும். புகார் தாமதமானது என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டு மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடிபட்டவரைக் காப்பாற்ற ஓடுவதுதான் குடும்பத்தின் முதல் வேலை, ஸ்டேஷனுக்கு ஓடுவதல்ல என்பதே அதன் சாரம். ஆனால் தாமதத்துக்கான காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள்: ஆபரேஷன், கூடவே இருக்க வேறு ஆள் இல்லை என்பதை உள்ளது உள்ளபடி. சம்பவம் நடந்த இடத்துக்கு எந்தக் காவல் நிலையமோ அங்கே கொடுக்க வேண்டும். புகார் வாங்கிக்கொண்டோம் என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைத்தால் அதோடு நின்றுவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். 2024 ஜூலை முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 பிரிவுகள் எல்லாம் போய், பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125 என்று பதிவாகும். எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நிலையத்தில் மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

எஃப்.ஐ.ஆர். ஏன் இத்தனை முக்கியம் என்றால், 2022இல் வந்த விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் போலீஸ் அனுப்ப வேண்டும், விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு. அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நடைமுறையில் அதை நம்பி உட்கார்ந்திருக்க நான் சொல்ல மாட்டேன். தனியாக மனுப் போட்டுவிடுவதே நல்லது.

எப்போதுக்குள்? இங்கே கொஞ்சம் குழப்பம் உண்டு. 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இந்தக் கெடு செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிறது. அது முடியும்வரை கெடு தாண்டியது என்று சொல்லி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. வக்கீல்கள் சிலர் இதைச் சொல்லி, "டைம் இருக்குது, பாத்துக்கலாம்" என்பார்கள். இடைக்கால உத்தரவை நம்பி யாரும் வீடு கட்டக்கூடாது. ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

எந்த ஊரில் போடுவது என்பதிலும் உங்களுக்குத் தேர்வு இருக்கிறது. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், இதில் எது வேண்டுமானாலும் சரி. கும்பகோணம் தஞ்சை மாவட்டம், நீங்கள் திருவாரூர் மாவட்டம். திருவாரூரில் போட்டால் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கும்பகோணத்தில் போட்டால் மதுரைக் கிளைக்குப் போகும். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வாக்கர் பிடித்து நடக்கிற அம்மாவை எந்த நீதிமன்றத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போவது சுலபம் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கழகத்தின் பதில் மனுவில் என்ன இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: "பஸ் நிற்பதற்கு முன்பே மனுதாரர் அவசரப்பட்டு இறங்கினார்." பத்துக்கு எட்டு வழக்கில் இதே வரிதான். டிரைவர் கூண்டேறி இதையே சொல்வார். இதற்கு எதிராகக் கூடப் பயணம் செய்த ஒருவராவது வேண்டும். தினமும் அதே முதல் டிரிப்பில் வருகிற கீரைக்காரம்மா, பால்காரர் என்று யாராவது இருப்பார்கள். பெயரையும் போன் நம்பரையும் இன்றே வாங்கிவையுங்கள். அந்த ஸ்டாப் பக்கத்துக் கடையில் கேமரா இருந்ததா பாருங்கள். பல கடைகளில் சில நாட்களிலேயே பழையது அழிந்துவிடும், ஒருவேளை இருக்கலாம். பஸ் நம்பர் தெரியாவிட்டாலும் தடமும் நேரமும் தெரிந்தால் போதும். அன்றைக்கு அந்த டிரிப்பில் எந்த வண்டி, எந்த டிரைவர், கண்டக்டர் என்பது டிப்போ பதிவில் இருக்கும். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அம்மா எந்தப் பக்கம் விழுந்தார் என்று கேட்டு வையுங்கள். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் பஸ் போகிற திசையில், முன்பக்கமாகப் போய் விழுவார். முழங்கால், உள்ளங்கை எல்லாம் சிராய்க்கும். நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வண்டி முன்னே இழுத்தால் கால் முன்னே போய், உடம்பு பின்னால் சாயும், இடுப்பில் அடிபடும். இது கணக்குப்போட்ட அறிவியல் சாட்சியம் இல்லை, எல்லா வழக்கிலும் பொருந்தாது. ஆனாலும் டிரைவரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. இந்த வழக்குகளில் கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். அப்படியும் அம்மா மீது கொஞ்சம் தவறு உண்டு என்று தீர்ப்பாயம் கருதினால் அந்தப் பங்கைக் கழித்துவிடும். எவ்வளவு கழிப்பார்கள் என்பது முழுக்க அந்த நீதிபதியின் பார்வை. அதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, சொல்கிறவரை நம்பாதீர்கள்.

கவனக்குறைவை நிரூபிக்கவே முடியாது போலிருந்தால் பிரிவு 164 இருக்கிறது. யார் தவறு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். எலும்பு முறிவு கொடுங்காயம்தான். அதை வாங்கிக்கொண்டால் 166இல் கேட்டது காலாவதியாகும். ஆகவே அது கடைசிக் கதவு.

தொகை எவ்வளவு வரும் என்பதற்கு நேராக ஒரு எண் சொல்ல மாட்டேன், கணக்கு போடும் விதத்தைச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பின்படி 51 முதல் 55 வயதுக்குப் பெருக்கு எண், அதாவது வருஷ வருமான இழப்பை எத்தனையால் பெருக்குவது என்ற எண், 11. 2017இல் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னபடி, 50 முதல் 60 வரை சொந்தத் தொழில் செய்கிறவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 10 சதவீதம் கூட்டலாம். உதாரணத்துக்கு மாதம் 10,000 வருமானம், உழைக்கும் திறனில் 30 சதவீத இழப்பு என்று வைத்துக்கொண்டால்: 11,000 பெருக்கல் 12, பெருக்கல் 11, அதில் 30 சதவீதம், ஆக 4,35,600 ரூபாய். இதோடு வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, சத்துணவு, போக்குவரத்து, கையிலிருந்து கட்டிய மருத்துவச் செலவு எல்லாம் சேரும். காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக நடந்த ஆபரேஷனுக்கு நீங்கள் பணம் கட்டவில்லை என்றால் அந்தப் பில்லைக் கேட்க முடியாது. மனு போட்ட தேதியிலிருந்து வட்டியும் உண்டு. நம் பக்கம் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள்.

கணக்கில் இரண்டு எண்கள்தான் சண்டைக்குரியவை. ஒன்று வருமானம். கீரை விற்கிறவருக்கு சம்பளச் சீட்டு எங்கே இருக்கிறது? 2014இல் ஒரு காய்கறி வியாபாரி வழக்கில், எழுத்துச் சான்று இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்று சொல்ல முடியாது என்று கூறி, மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது 2008 விபத்து. இன்றைக்கு அதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். மார்க்கெட் தரைக்கடை சுங்க ரசீது, மகளிர் குழுவில் தவணை கட்டிய புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, பாஸ்புக், எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள். குழுவில் மாதா மாதம் தவறாமல் கட்டியிருக்கிறார் என்றால், அவர் சம்பாதித்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்னொன்று ஊனத்தின் அளவு. டாக்டர்கள் குழு காலுக்கு 40 சதவீதம் என்று எழுதினால், உழைப்பில் 40 சதவீதம் போய்விட்டது என்று பொருளில்லை. அதே நேரம் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2010 ராஜ்குமார் வழக்கு இதைத்தான் விளக்குகிறது: உடம்பின் ஊனம் வேறு, அந்த ஊனம் அந்த மனிதரின் பிழைப்பைப் பாதிக்கும் அளவு வேறு. மேசையில் உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்கு இடுப்பில் தகடு இருந்தால் வேலை நடக்கும். விடியலில் குனிந்து கீரை அறுத்து, கட்டுக் கட்டி, தலையில் தூக்கி வந்து, தரையில் நாலு மணி நேரம் குத்தவைத்து விற்கிறவருக்கு? குறுவை, சம்பா நடவுக்கும் அம்மா போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். நடவுக்கு இடுப்புதானே மூலதனம். உங்கள் வக்கீல் இதைச் சாட்சியத்தில் கொண்டுவர வேண்டும். என்னென்ன வேலை, எந்த நிலையில் உட்கார்ந்து, எவ்வளவு எடை தூக்கி என்று அம்மா வாயாலேயே வர வேண்டும். பலர் "கூலி வேலை" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். ஊனச் சான்றிதழுக்கு இப்போதே ஓடாதீர்கள். எலும்பு கூடி, சிகிச்சை முடிந்த பிறகு எடுப்பதுதான் செல்லும்.

அந்த ஐயாயிரமும் கைநாட்டும் உங்களை ராத்திரி தூங்கவிடவில்லை என்கிறீர்கள். தாளில் என்ன எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டைத் தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் கடமை. அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாங்கிய ஒரு ரேகை அடைத்துவிடாது. விசாரணையில் அதை நீட்டுவார்கள், அது நிச்சயம். எழுதப்படிக்கத் தெரியாதவரிடம், ஆபரேஷனுக்கு முன்னால், படித்துக் காட்டாமல் வாங்கினார்கள் என்பதையும் பணம் வாங்கியதையும் புகாரிலேயே ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். மறைத்தால்தான் சிக்கல்.

வார்டில் வந்த முப்பது பர்சென்ட் ஆளை அனுப்பிவிடுங்கள். வழக்கில் வரும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. இடைத்தரகருக்கு அந்தப் பேச்சே கிடையாது. எங்கள் தொழிலில் அது நடக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு இலவச சட்ட உதவி உண்டு. பெண் என்பதாலேயே உண்டு, வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அவர்கள் தரும் வக்கீல் எல்லோரும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. சரியாக நடத்தவில்லை என்றால் மாற்றிக் கேளுங்கள். யாராக இருந்தாலும் வெற்றுத் தாளிலோ வெற்றுச் செக்கிலோ கைநாட்டு வைக்கக் கூடாது.

காலம் ஆகும். என் அனுபவத்தில் தீர்ப்புக்கே இரண்டு மூன்று வருஷம். அரசு பஸ்களுக்குத் தனியார் வண்டி மாதிரி காப்பீடு கட்டாயம் இல்லை, சட்டமே விலக்குத் தர இடம் கொடுக்கிறது. அப்போது கழகம்தான் நேரடியாகப் பணம் கட்ட வேண்டும். அது இழுக்கும். பஸ் ஸ்டாண்டில் அமீனா, அதாவது நீதிமன்ற ஊழியர், வந்து பஸ்ஸை ஜப்தி செய்தார் என்று பேப்பரில் படித்திருப்பீர்களே, அது இப்படித் தீர்ப்பு வாங்கியும் பணம் வராதவர்கள் போட்ட நிறைவேற்று மனுவின் கடைசிக் கட்டம். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் சீக்கிரம் வரும், தொகை குறையும், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஊனச் சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்னால் அங்கே உட்காராதீர்கள். எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே விட்டுக்கொடுத்துவிடுவீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியோடு எக்ஸ்ரே பிலிம்களையும் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடை பில், ஆட்டோ சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். அந்த மெல்லிய தாள் பில்கள் ஆறு மாதத்தில் வெளுத்து ஒன்றுமே தெரியாமல் போகும், இன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு பின் அடியுங்கள். ஏ.ஆர். காப்பி கிடைத்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பெயர், முகவரியை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். அதைப் பார்த்தால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.